நான்கு நாடுகள் கண்ட நாடகாசிரியர்

நுழையும்முன்

வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, தெருவில் மற்றொரு மொழி எனப் பல மொழிகளுக்கிடையே வளரும் மாணவர் பலர். அவ்வாறு வளர்ந்த ஒரு சிறுவன் ஆங்கில நாடக உலகின் முன்னணி ஆசிரியராக உயர்ந்ததை இப்பாடம் விளக்குகிறது.

ஊர்விட்டு ஊர்

டாம் ஸ்டாப்பார்ட் 1937ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் அன்றைய செக்கோஸ்லோவாக்கியா நாட்டில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் தோமாஷ் ஸ்ட்ராஸ்லர். தந்தை பாட்டா காலணி நிறுவனத்தின் மருத்துவமனையில் மருத்துவர். இவர்கள் யூதர்கள். 1939 மார்ச் மாதம் ஹிட்லரின் படை அந்நாட்டுக்குள் நுழைந்தது. யூத மருத்துவர்களை நிறுவனம் தன் வெளிநாட்டுக் கிளைகளுக்கு அனுப்பி உதவியது. அவ்வாறு இக்குடும்பம் சிங்கப்பூரை அடைந்தது.

போர் அங்கும் வந்தது. 1942இல் ஜப்பானியர் சிங்கப்பூரை நெருங்கியபோது, தாய் தம் இரு மகன்களுடன் கப்பலேறி இந்தியா வந்தார். தந்தை உடன் வரவில்லை. பின்னர் அவர் புறப்பட்ட கப்பல் குண்டுவீச்சுக்கு இரையாயிற்று, அவரும் மாண்டார்.

டார்ஜிலிங்கில் தாய் பாட்டா காலணிக் கடையொன்றின் பொறுப்பாளரானார். மகன்கள் ஆங்கிலவழிப் பள்ளியில் பயின்றனர். தோமாஷ் அங்கே டாம் ஆனார். செக் மொழி நாவிலிருந்து மெல்ல மறைந்தது. 1945இல் தாய், ஸ்டாப்பார்ட் என்னும் பிரித்தானியப் படை அதிகாரியை மணந்தார். மறு ஆண்டு குடும்பம் இங்கிலாந்தில் குடியேறியது. எட்டு வயதுச் சிறுவனுக்கு அது நான்காம் நாடு.

செய்தித்தாளிலிருந்து மேடைக்கு

பதினேழாம் வயதில் டாம் பள்ளியை விட்டு நீங்கினார். பல்கலைக்கழகத்தில் அவர் பயிலவில்லை. பிரிஸ்டல் நகரில் செய்தியாளராகச் சேர்ந்தார். நாடக விமரிசனமும் எழுதினார். நாள்தோறும் நாடகம் பார்த்த கண், நாடகம் எழுதும் கையைத் தூண்டியது. வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் எழுதிப் பழகினார்.

1966இல் எடின்பரோ கலைவிழாவில் அவருடைய ‘ரோசன்கிரான்ட்சும் கில்டன்ஸ்டெர்னும் இறந்துவிட்டனர்’ என்னும் நாடகத்தை மாணவர் குழுவொன்று நடித்தது. மறு ஆண்டு லண்டனில் தேசிய நாடக அரங்கம் அதனை அரங்கேற்றியது. அப்போது அவருக்கு வயது 29. தலைப்பில் உள்ள இருவரும் ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் வரும் சிறு பாத்திரங்கள். அரசன் அழைத்ததால் வருவர், அனுப்பியதால் செல்வர், அவர்கள் இறந்த செய்தி மட்டும் இறுதியில் வரும். ஸ்டாப்பார்ட் அவ்விருவரையும் மேடையின் நடுவே நிறுத்தினார். தாம் எதற்காக அழைக்கப்பட்டோம், எங்கே செல்கிறோம் என்பதறியாமல் அவர்கள் பேசிக்கொண்டே இருக்கின்றனர். இலங்கையின் வாயிற்காவலர் இருவரின் கண்வழியே இராமகதையைச் சொல்வது போன்ற புதுமை இது.

திரைக்கு எழுதும் கலை

நாடகத்தில் உரையாடலே உயிர். திரைப்படத்தில் காட்சியே முதன்மை. ஒரு பார்வை ஒரு பக்க வசனத்தின் வேலையைச் செய்துவிடும். மேலும், திரைக்கதை பலர் கைபட்டு உருவாவது. இவ்விரு கலைகளிலும் ஸ்டாப்பார்ட் தேர்ந்தவர். 1987இல் வெளிவந்த ‘எம்பயர் ஆஃப் தி சன்’ படத்திற்குத் திரைக்கதை எழுதினார். ஜப்பானியப் படையெடுப்பால் பெற்றோரைப் பிரிந்த சிறுவனின் கதை அது. இந்தியானா ஜோன்ஸ் வரிசையின் மூன்றாம் படத்திற்கு வசனங்களைத் திருத்தி எழுதினார். ஆயினும் திரையில் அவர் பெயர் இடம்பெறவில்லை. மார்க் நார்மனுடன் இணைந்து எழுதிய ‘ஷேக்ஸ்பியர் இன் லவ்’ அவருக்கு ஆஸ்கர் விருதைப் பெற்றுத் தந்தது.

மறந்த வேர்கள்

இந்திய நினைவுகள் அவரை விட்டு அகலவில்லை. 1995இல் மேடையேறிய ‘இந்தியன் இங்க்’ நாடகம், 1930இல் இந்தியா வந்த ஆங்கிலப் பெண் கவிஞரையும் அவரை ஓவியமாகத் தீட்டும் இந்தியரையும் பற்றியது.

தாய் பழைய வாழ்வைப் பற்றி மிகுதியாகப் பேசியதில்லை. மகன்கள் ஆங்கிலேயராக அமைதியுடன் வளரவேண்டும் என அவர் விரும்பினார். தம் தாத்தா பாட்டியர் நால்வரும் யூதர் என்பதும், நாஜிகளால் உயிரிழந்தனர் என்பதும் ஐம்பது வயதைக் கடந்த பின்னரே, உறவினர் ஒருவர் வாயிலாக ஸ்டாப்பார்ட்டுக்குத் தெரியவந்தன.

அவ்வறிவு நெடுங்காலம் உள்ளத்தில் கனிந்து, 2020இல் ‘லியோபோல்ட்ஸ்டாட்’ என்னும் நாடகமாயிற்று. வியன்னா நகர யூதக் குடும்பமொன்றின் பல தலைமுறைகளை அது காட்டுகிறது. இறுதிக் காட்சியில், இங்கிலாந்தில் வளர்ந்து தன் முன்னோரை மறந்த இளைஞன் ஒருவன், உறவினர் ஒவ்வொருவரும் எவ்வாறு மாண்டனர் எனக் கேட்டறிகிறான்.

1968 முதல் 2023 வரை, சிறந்த நாடகத்திற்கான அமெரிக்காவின் டோனி விருதை அவருடைய ஐந்து நாடகங்கள் பெற்றன. 1997இல் அவருக்கு ‘சர்’ பட்டம் வழங்கப்பட்டது. 2025 நவம்பரில், தமது 88ஆம் வயதில் மறைந்தார். வந்த நாட்டின் மொழியைத் தம் உடைமையாக்கிக் கொண்டவர், மறந்துபோன முன்னோரின் கதையையும் அம்மொழியிலேயே உலகிற்குச் சொன்னார்.

சொற்பொருள்

நா – நாக்கு
மாண்டார் – இறந்தார்
அரங்கேற்றுதல் – முதன்முதலாக மேடையில் நடித்துக் காட்டுதல்
உடைமை – சொத்து

பயிற்சி

1. ஸ்டாப்பார்ட் வாழ்ந்த நான்கு நாடுகளை வரிசைப்படுத்துக.
2. நாடகத்திற்கும் திரைக்கதைக்கும் உள்ள வேறுபாடுகள் இரண்டனைக் கூறுக.
3. தாய் பழைய வாழ்வைப் பற்றிப் பேசாதது சரியா? உம் கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.
4. உம் தாத்தா பாட்டியரிடம் அவர்கள் பிறந்த ஊர், பேசிய மொழி, செய்த தொழில் ஆகியவற்றைக் கேட்டு, குடும்ப மரம் ஒன்றை வரைக.