விதைநெல்லும் தவக்குலும்: யூத ஆன்மிகத்தில் ஒரு பழைய விவாதம்

2004 டிசம்பர் 26க்குப் பின் வந்த நாட்களில், கடற்கரைப் பக்கத்து வீடொன்றில் மௌத்து விசாரிக்கப் போயிருந்தோம். இரண்டு பிள்ளைகளைக் கடல் கொண்டு போயிருந்தது. எங்களோடு வந்த ஒருவர், ஆறுதல் சொல்லும் நிய்யத்தில்தான் என்று இன்றும் நம்புகிறேன், "தவக்குல் உறுதியா இருந்தா அல்லாஹ் கைவிட மாட்டான்" என்றார். அந்த உம்மா தலையை நிமிர்த்தி, "அப்ப என்னட்ட தவக்குல் இல்லாமப் போச்சா தம்பி?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அதற்கான பதிலை நம்முடைய கிதாபுகளிலேதான் தேடத் தொடங்கினேன். இமாம் கஸ்ஸாலியின் இஹ்யாவில் தவ்ஹீத், தவக்குல் பற்றிய பாடத்தைப் படித்துக்கொண்டு போனபோது, அதே காலத்தில் அதே சொல்லைத் தலைப்பாக வைத்து ஒரு யூத அறிஞர் அரபியில் எழுதியிருக்கிறார் என்று தெரியவந்தது. இக்கட்டுரை பெரும்பாலும் அந்த வழியில் நான் கண்டவற்றைப் பற்றியது.

யஹூதி என்றதும் இன்று நமக்குக் காஸாதான் கண்ணுக்குள் வருகிறது. அந்த வேதனை நியாயமானது. ஓர் அரசின் செயலை ஆயிரம் வருடத்து நூல்களின் மேல் ஏற்றிப் படிக்காமலிருப்பதும் நியாயம்தான். அத்தோடு, அவர்கள் இந்தத் தீவுக்கு முற்றிலும் அந்நியரும் அல்லர். ஸரந்தீபில் யூதர்கள் பெருந்தொகையாக இருந்ததாக 10ஆம் நூற்றாண்டில் அபூ ஸைத் அஸ்ஸீராஃபி எழுதினார். இந்நாட்டு மன்னனின் 16 ஆலோசகர்களில் நால்வர் முஸ்லிம்கள், நால்வர் யூதர்கள் என்று 12ஆம் நூற்றாண்டில் இத்ரீஸி எழுதினார்.

நான் சொன்ன அறிஞரின் பெயர் பஹ்யா இப்னு பகூதா. அந்தலுஸின் ஸரகுஸ்தா நகரத்தவர். 1080ஆம் ஆண்டளவில் அவர் எழுதிய நூல் 'அல்ஹிதாயா இலா பராயிழில் குலூப்', அதாவது இதயங்களின் கடமைகளுக்கு வழிகாட்டி. மொழி அரபு, எழுத்தோ எபிரேயம். நம் முன்னோர் தமிழை அரபெழுத்தில் எழுதி அரபுத்தமிழ் வளர்த்ததைப் போல, அவர்கள் அரபியைத் தம் எழுத்தில் எழுதினார்கள். பத்து வாயில்கள் கொண்ட அந்நூலின் நான்காவது வாயில் தவக்குல் பற்றியது. 12ஆம் நூற்றாண்டில் அது எபிரேயத்துக்குப் பெயர்க்கப்பட்டபோது தவக்குல் 'பித்தாஹோன்' ஆனது. இன்றுவரை யூத மத்ரஸாக்களில் அந்த வாயிலைத் தனியாக ஓதிக்கொடுக்கிறார்கள். கஸ்ஸாலியிடமிருந்து பஹ்யா எடுத்தார் என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்டது. கஸ்ஸாலி மறைந்தது 1111இல். பஹ்யாவின் நூல் அதற்கு முந்தியது. இருவரும் பழைய ஸூபிய, ஸுஹ்து இலக்கியம் என்ற ஒரே கிணற்றில் தண்ணீர் மொண்டார்கள் என்பதே பொருத்தமாகப் படுகிறது.

பஹ்யாவின்படி, தவக்குல் என்பது முதலில் உள்ளத்தின் அமைதி. பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவன் தனக்கு நல்லதையே செய்வான் என்பதில் மனம் அடங்கிக் கிடப்பது. அப்படியானால் வேலைக்கு ஏன் போக வேண்டும்? அவர் இரண்டு காரணம் சொல்கிறார். ஒன்று, பிழைப்புத் தேடும் வழியில் மனிதன் கட்டுப்படுகிறானா மாறு செய்கிறானா என்ற சோதனை. மற்றது, வயிறு சும்மா நிறைந்தால் மனிதன் துள்ளுவான், பாவத்தின் பின்னால் ஓடுவான். தவக்குல் இருக்கிறது என்று சொல்லி நஞ்சைக் குடிப்பவனையும் வீணாக ஆபத்தில் குதிப்பவனையும் அவர் கண்டிக்கிறார். ஒவ்வொருவருக்கும் ஒரு தொழிலில் இயல்பான நாட்டத்தை இறைவன் வைத்திருக்கிறான் என்பதற்கு அவர் தரும் உதாரணங்களில் ஒன்று, மீன் பிடித்து வாழும் பறவைக்கு அமைந்த நீண்ட அலகும் நீண்ட காலும். நம்முடைய வாவிக்கரையில் ஸுபஹுக்குப் பிறகு நடந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கொக்கை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காலையில் வெறும் வயிற்றோடு போய் மாலையில் நிறைந்து திரும்பும் பறவை பற்றிய ஹதீஸ் நமக்கு உண்டு. அந்தப் பறவையும் கூட்டை விட்டுப் புறப்படத்தான் செய்கிறது.

ஆனால் இந்த விவாதம் யூதர்களிடையே பஹ்யாவுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. தல்மூதில் ரப்பி இஷ்மாயேலும் ரப்பி ஷிமோன் பர் யோஹாயும் மோதுகிறார்கள். வேதம் ஓதுவதோடு உலக வழக்கப்படி வயலையும் பார் என்பது இஷ்மாயேலின் கட்சி. உழவுக் காலத்தில் உழுது, விதைப்புக் காலத்தில் விதைத்து, காற்றடிக்கும்போது பொலி தூற்றிக்கொண்டிருந்தால் வேதம் ஓத ஏது நேரம், இறைவனுக்குக் கட்டுப்பட்டால் அந்த வேலையை மற்றவர் செய்வார்கள் என்பது ஷிமோனின் கட்சி. தீர்ப்பை நடைமுறையே சொல்லிவிட்டதாக அங்கே பதிவாகியிருக்கிறது: இஷ்மாயேல் சொன்னபடி பலர் செய்தார்கள், கைகூடியது, ஷிமோன் சொன்னபடி பலர் செய்தார்கள், கைகூடவில்லை. அடுத்தபடியாக இன்னோர் ஆசிரியர், அறுவடை மாதத்திலும் பிழிவு மாதத்திலும் என் பக்கம் வராதீர்கள், வருடம் முழுக்கச் சாப்பாட்டுக்குக் கவலைப்படாமலிருக்க அதைப் பாருங்கள் என்று மாணவர்களை அனுப்பிவிடுகிறார். சூடடிப்புக் காலத்தில் பிள்ளைகள் ஓதப் போகாமல் களத்தில் நின்ற நம்மூர்ப் பழைய காலம் எனக்கு ஞாபகம் வந்தது.

ஷிமோனைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. ரோம ஆட்சிக்குப் பயந்து மகனோடு பன்னிரண்டு வருடம் குகையில் ஒளிந்திருந்து வேதம் படித்தார். வெளியே வந்ததும் மக்கள் உழுவதைக் கண்டு பொறுக்கவில்லை. அவர்களின் பார்வை பட்ட இடமெல்லாம் எரிந்ததாம். என் உலகத்தை அழிக்கவா வந்தீர்கள், திரும்பிக் குகைக்குப் போங்கள் என்று வானத்திலிருந்து குரல் வந்தது. உழவனுக்காக இறைவனே வாதாடும் இந்தக் கதையை ஒரு வேதக்கல்வி நூல் பத்திரப்படுத்தி வைத்திருப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

தல்மூதின் அடிப்படையான மிஷ்னா ஆறு பிரிவுகள் கொண்டது. அதன் முதற்பிரிவு விதைகள், அதாவது விவசாயச் சட்டங்கள். அதற்கு அவர்கள் இட்ட மறுபெயர் 'எமூனா'. நம்முடைய ஈமானும் அவர்களுடைய எமூனாவும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். ஏன் அந்தப் பெயர்? உலகங்களை வாழவைப்பவனை நம்பித்தானே ஒருவன் விதைக்கிறான் என்று உரையாசிரியர்கள் விளக்கினார்கள். இதைப் படித்தபோது கலீபா உமர் (ரழி) அவர்களைப் பற்றிய செய்தி ஒன்று நினைவில் தட்டியது. யமன் தேசத்தார் சிலர் தங்களை முதவக்கில்கள் என்றார்கள். நீங்கள் பிறர் கையைப் பார்த்திருப்பவர்கள், மண்ணில் விதையைப் போட்டுவிட்டு அல்லாஹ்விடம் ஒப்படைப்பவனே முதவக்கில் என்றார்களாம் உமர். தவக்குல் பற்றிய தனி நூலில் இப்னு அபித்துன்யா இதைப் பதிந்திருக்கிறார்.

எங்களுக்குத் தெரிந்த போடியார் ஒருவர் மண்முனைப் பாலம் வருவதற்கு முந்திய காலத்தில், பாதையில் வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போய்ப் பெரும்போகம் செய்தவர். 2011 ஜனவரி வெள்ளத்தில் வயல் போனது. அடுத்த விதைப்புக்கு விதைநெல் தேடிக்கொண்டிருந்தவரிடம், "திரும்பவும் வெள்ளம் வந்தா?" என்று கேட்டேன். "வந்தா வரும் மனே. விதைக்கிறது நம்மட வேல. மத்தது அவன்ட வேல" என்றார். வெள்ளம் வராது என்று அவர் சொல்லவில்லை. இதன் கனத்தை அப்போது நான் விளங்கவில்லை.

விளங்கவைத்தது ஒரு கடிதம். மூஸா இப்னு மைமூன் என்று அரபுலகம் அறிந்த மைமோனிடிஸின் தம்பி தாவூத், இரத்தின வியாபாரி. 1170ஆம் ஆண்டளவில் செங்கடல் துறையான ஐதாபிலிருந்து அண்ணனுக்கு எழுதினார். கெய்ரோவின் பழைய தொழுகையிடத்து ஆவணங்களில் அக்கடிதம் கிடைத்தது. பாலைவனத்தில் பட்ட பாட்டைச் சொல்லி, இனி இந்தியாவுக்குக் கப்பல் ஏறப்போவதாகவும், பாலையில் காப்பாற்றியவன் கடலிலும் காப்பாற்றுவான் என்றும் வீட்டாரைத் தேற்றுகிறார். முயற்சியிலும் குறை இல்லை, தவக்குலிலும் குறை இல்லை. பின்னர் அந்தத் தாவூத், தன் பொருளோடும் பிறர் பொருளோடும், இந்துக் கடலில்தான் மூழ்கிப் போனார். மைமோனிடிஸ் ஏறத்தாழ ஒரு வருடம் படுக்கையில் கிடந்தார். எட்டு வருடம் கழிந்தும் துக்கம் ஆறவில்லை என்று ஒரு நண்பருக்கு எழுதினார். தம்பியின் நம்பிக்கையைக் குறை சொல்லும் ஒரு வார்த்தை அதில் இல்லை. குடும்பத்தைச் சுமக்க வைத்தியத் தொழிலைப் பிடித்தார். வேதம் படிக்கிறேன் என்று உழைக்காமல் தர்மத்தில் வாழ்பவன் இறைவனின் பெயருக்கே இழுக்குத் தேடுகிறான் என்று சட்டநூலில் எழுதியவரும் அவர்தான்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த விவாதம் கிழக்கு ஐரோப்பாவில் மறுபடி சூடேறியது. பெலாருஸின் நோவார்டோக்கில் ரப்பி யோஸெப் யோஸெல் ஹொர்விட்ஸ் (1847-1919) ஒரு கல்விக்கூடம் அமைத்தார். தம் கையொப்பத்தோடு 'தவக்குல் உடையவன்' என்பதன் முதலெழுத்துகளைச் சேர்த்து எழுதுபவர் அவர். மனித முயற்சிக்கு அவர்கள் சொல்லும் சொல் 'ஹிஷ்தத்லுத்'. அது ஆதத்தின் மக்கள் கட்டும் ஒரு வரி மாதிரி, பலனைத் தருவது அதுவல்ல என்பது இப்போக்கினரின் வாதம். மன்னு இறங்கிய சரித்திரம் அவர்களுக்குச் சான்று. நாம் குர்ஆனில் மன்னு ஸல்வா என்று ஓதுவதையே தவ்ராத் விரிவாகச் சொல்கிறது: அதிகம் பொறுக்கியவனுக்கு மிஞ்சவில்லை, குறையப் பொறுக்கியவனுக்குப் போதாமலும் இல்லை, நாளைக்கென்று ஒளித்ததில் புழு வைத்தது. நல்ல வாதம்தான். ஆனாலும் பொறுக்கப் போனவர்களைப் பற்றித்தான் அங்கேயும் பேச்சு.

இவர்களுக்கு மறுபக்கத்தில் நின்றவர் 'ஹஸோன் இஷ்' என்று அறியப்பட்ட ரப்பி அவ்ராஹாம் யெஷயா கரேலிட்ஸ் (1878-1953). தவக்குல் பற்றி அவர் எழுதியது அவர் மறைவுக்குப் பின் நூலாயிற்று. பலருடைய உள்ளத்தில் ஒரு பழைய பிழை வேரூன்றியிருக்கிறது என்று அவர் தொடங்குகிறார். தனக்கு நேரும் ஒவ்வொன்றும் தான் விரும்பும் நன்மையாகவே முடியும் என்று நம்புவதுதான் தவக்குல் என்ற எண்ணமே அந்தப் பிழை. நாளை என்ன நடக்கும் என்று வஹீ வந்தாலொழிய யாருக்குத் தெரியும்? உலகில் எதுவும் தற்செயல் அல்ல, எல்லாம் அவனுடைய ஏற்பாடு என்று உறுதிகொள்வதே தவக்குல் என்கிறார். நம்பிக்கையே நன்மையை இழுத்து வரும் என்ற கருத்து ஹஸிதிய வழியினரிடம் இன்றும் வலுவாக உண்டு. அவர்கள் இவரோடு உடன்படுவதில்லை. நான் இவர் பக்கம்.

நம்மிடமும் இதே இரு பக்கங்கள் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன ஹதீஸைப் பயான்களில் நூறு தடவை கேட்டிருக்கிறோம். அதோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்கிறோம். கட்டிய ஒட்டகம் காணாமல் போனால்? அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. அம்வாஸில் கொள்ளைநோய் பரவியபோது உமர் (ரழி) அவர்கள் ஷாமுக்குள் நுழையாமல் திரும்பினார்கள். அல்லாஹ்வின் கத்ரிலிருந்து அவனுடைய கத்ருக்கே ஓடுகிறோம் என்றார்கள். அங்கேயே இருந்த அபூ உபைதா (ரழி) அந்த நோயில் மௌத்தானார்கள். சொர்க்கத்து நன்மாராயம் பெற்ற பத்துப் பேரில் ஒருவர் அவர். அவரிடம் தவக்குல் குறைவாக இருந்தது என்று சொல்ல எந்த முஸ்லிமுக்கு நாக்கு வரும்?

அந்த உம்மாவை இப்போதும் இடைக்கிடை வழியில் காண்கிறேன். பஹ்யாவையும் ஐதாப் கடிதத்தையும் அவரிடம் போய்ச் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். அன்றைக்கு அந்தத் திண்ணையில் வைத்துச் சொல்லியிருக்க வேண்டிய பதில் இரண்டு வார்த்தைதான். "இருந்திச்சு உம்மா."