கொங்கு என்னும் பெயரும் வலைச் சேமிப்பகமும்

ஏட்டிலும் தாளிலும் கிடந்த நூல்கள் இந்நாளில் கணினிக் கோப்புகளாக உருமாறி வருகின்றன. வீட்டிலுள்ள இரண்டு மூன்று கணினிகளுக்கும் பொதுவாக ஒரு வலைச் சேமிப்பகம் அமைத்து, படியெடுத்த மூலங்களையும் பாடவேறுபாட்டுக் குறிப்புகளையும் அதன்கண் தொகுத்து வைத்தல் ஆராய்ச்சியாளரிடையே வழக்காகியுள்ளது. அச்சேமிப்பகம் திறக்க மறுப்பின் செய்யத்தக்கது யாது என்பதும், திறந்த பின்னரும் நூல் கிட்டாதொழியின் அதற்குக் காரணம் யாது என்பதும் ஈண்டு ஆராயப்படும். பின்னது தமிழ் எழுத்திலக்கணத்தோடு நெருங்கிய தொடர்புடையது.

பீளமேட்டில் எம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சான்றாகக் கொள்வாம். கொங்குமண்டல சதகத்திற்கு யாம் எழுதிய குறிப்புகளைச் சேமிப்பகத்தில் தேடினேம். ‘கொங்கு’ என்று தட்டச்சிட்டுத் தேடியவழிக் கோப்பு ஒன்றே வந்தது. கோப்புறையைத் திறந்து நோக்கியவழியோ அதே பெயரில் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒரே கோப்புறையில் ஒரே பெயருடன் இரண்டு கோப்புகள் இருத்தல் இயலாது என்பது விதி. ஒன்று மிகை எனக் கருதி நீக்க முற்பட்டேம். நீக்கியிருப்பின் ஒரு திங்கள் திருத்தங்கள் அழிந்திருக்கும். தேடலில் வராத கோப்பிலேயே அத்திருத்தங்கள் இருந்தன.

இத்தகைய இடர்களை ஆராய்வார் வழி, வாயில், திறவுகோல், பெயர் என்னும் நான்கினையும் இம்முறையே நோக்குதல் வேண்டும். முன்னது செவ்வையாயினன்றிப் பின்னதை ஆராய்தல் பயனின்று.

முதலாவது வழி. சேமிப்பகத்தின் எண்முகவரிக்குப் ‘பிங்’ என்னும் ஆணையை விடுத்து, மறுமொழி வருகின்றதா எனக் காண்க. எண்முகவரியால் திறந்து பெயரால் திறவாதாயின், குற்றம் பெயரை முகவரியாக மாற்றும் இடத்தது, சேமிப்பகத்தினது அன்று. கணினியின் வலைப் பட்டியலில் சேமிப்பகம் தோன்றாமை ஒன்றே கொண்டு அஃது இல்லை எனத் துணிதலும் பொருந்தாது.

இரண்டாவது வாயில். கோப்புப் பகிர்விற்குரிய எஸ்.எம்.பி. என்னும் நெறிமுறை பல பதிப்புகளையுடையது. 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் உலகெங்கும் பரவிய ‘வான்னாக்ரை’ என்னும் தீநிரல் அதன் முதற் பதிப்பின் குறையையே வாயிலாகக் கொண்டது. அவ்வாண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10இன் 1709ஆம் பதிப்பு முதலாக, முதற் பதிப்பு இயல்பாக நிறுவப்படுவதில்லை. ஆதலின் அப்பதிப்பொன்றையே அறிந்த பழைய சேமிப்பகங்கள் புதிய கணினிக்குத் திறவா. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பின் புரோ வகை, கடவுச்சொல்லற்ற விருந்தினர் நுழைவையும் மறுக்கின்றது. இவ்விடத்துக் கணினியின் காப்பைத் தளர்த்துதல் தகாது; சேமிப்பகத்தின் மென்பொருளைப் புதுக்கிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அமைத்தலே முறை.

மூன்றாவது திறவுகோல். கணினி நினைவில் வைத்திருக்கும் பழைய கடவுச்சொல் பலகாலும் தடையாகும்; அதனை நீக்கிப் புதிதாக நுழைக. ஒரு சேமிப்பகத்திற்குள் ஒரே காலத்தில் இரண்டு பயனர் பெயர்களால் நுழைதலை விண்டோஸ் ஏலாது என்பதும் அறியத்தக்கது.

இம்மூன்றும் செவ்வையாயிருந்தும் எமக்கு இடர் நேர்ந்தமையின், குற்றம் நான்காவதாகிய பெயரின்கண் என்பது பெறப்படும். ஒருங்குறியில் ‘ொ’ என்னும் குறிக்குத் தனி எண் ஒன்று உண்டு. அதனையே ‘ெ’, ‘ா’ என்னும் இரண்டு எண்களாகப் பிரித்து எழுதலும் கூடும். ‘ோ’, ‘ௌ’ என்பனவும் அத்தன்மைய. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு. ‘கொங்கு’ என்பது சேர்த்தெழுதின் ஆறு குறிகள், பிரித்தெழுதின் ஏழு. மாக் கணினிகளின் பழைய எச்.எஃப்.எஸ். பிளஸ் அமைப்பு பெயர்களைப் பிரித்தே வைத்தது; விண்டோஸ், லினக்ஸ் அமைப்புகள் வந்தவாறே ஏற்கும். எமது பழைய மாக் கணினியிலிருந்து படியெடுத்த கோப்பு பிரிந்த வடிவிலும், பின்னர் விண்டோஸில் தட்டச்சிட்டது சேர்ந்த வடிவிலும் நின்றமையே இரட்டைக்குக் காரணம். கொங்கு, கோவை, கோயம்புத்தூர் என இந்நாட்டுப் பெயர்கள் பலவும் இக்குறிகளையுடையன ஆதலின், இடர் ஈண்டு மிகுதி.

பழைய ஏடுகளில் எகர ஒகரக் குறில்களுக்குத் தொல்காப்பியம் கூறிய புள்ளி பெரும்பாலும் இடப்படாமையின், கொகரமும் கோகாரமும் ஒரே வடிவாய் நின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தமே அம்மயக்கத்தை நீக்கிற்று. அன்று ஒரு வடிவிற்கு ஒலி இரண்டு. இன்று ஒரு வடிவிற்கு எண் இரண்டு. முன்னதைப் பதிப்பாசிரியர் பொருள் நோக்கித் தீர்த்தனர். பின்னதை எண் நோக்கியன்றித் தீர்த்தல் இயலாது.

2010 ஜூன் திங்களில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபொழுது, தமிழக அரசு ஒருங்குறியையும் ‘டேஸ் 16’ என்னும் குறியீட்டையும் தரமாக அறிவித்தது. பின்னது உயிர்மெய் ஒவ்வொன்றிற்கும் ஓர் எண் தருவது. அதன்கண் இம்மயக்கம் எழாது. எனினும் வீட்டுக் கணினிகளில் வழங்குவது ஒருங்குறியே ஆதலின், தீர்வும் அதனுள்ளேயே தேடற்பாலது.

லினக்ஸ் வழிச் சேமிப்பகத்தில் ‘கன்வ்எம்வி’ என்னும் நிரல் பிரிந்த பெயர்களைச் சேர்த்தெழுதும். அது முதலில் ஒத்திகையே காட்டும். பட்டியலைச் சரிபார்த்த பின்னரே மாற்றுமாறு பணித்தல் வேண்டும். இரட்டையுள்ள இடத்து, இரண்டன் உள்ளடக்கத்தையும் ஒப்புநோக்கி ஒன்றற்கு வேறு பெயரிட்டுப் பின்னர் இயக்குக. ‘ௌ’ என்பதன் ஈற்றுக்குறிக்கு மாறாக ளகரம் தட்டச்சிடப்பட்ட பெயர்களை எந்நிரலும் திருத்தாது. அவை எழுத்துப்பிழையாதலின் கண்ணால் நோக்கித் திருத்தற்குரியன.

பெயரின் நீளமும் கருதத்தக்கது. லினக்ஸ் சேமிப்பகங்கள் பெரும்பாலும் பெயருக்கு 255 பைட்டுகளே இடந்தரும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு கொள்வதால் 85 குறிகளே அடங்கும். விண்டோஸில் அமைந்த நெடும்பெயர் சேமிப்பகத்தில் ஏலாதொழிதற்குக் காரணம் இதுவே.

பாடவேறுபாடு தெளிபவர் ஒத்த வடிவுடைய இரண்டு ஏடுகளுள் ஒன்றை ஒப்புநோக்காது ஒதுக்கார். கோப்புகளுக்கும் அந்நெறியே உரியது என்பது எம் கருத்து.