டிகிரி இல்லாம ஐடிக்குள்ள வர முடியுமா? கோத்தகிரியிலிருந்து ஒரு கேள்வி

போன வாரம் கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. அனுப்பினவருக்கு 27 வயசு. பிளஸ் டூவோட படிப்பு நின்னுடுச்சு. இப்போ ஒரு டீ ஃபேக்டரிக்காக, சிறு விவசாயிகள் கொண்டு வர்ற பச்சைத் தேயிலையை எடை போட்டுக் கணக்கு எழுதுற வேலை. ஒரு ஆன்லைன் கோச்சிங்காரங்க, "ஆறு மாசத்துல டெவலப்பர் ஆகலாம், டிகிரி தேவையில்லை"ன்னு சொல்லி ஒன்றரை லட்சம் கேட்கிறாங்களாம். இஎம்ஐ வசதியும் உண்டாம். "கட்டலாமா ப்ரோ?"ன்னு கேட்டிருந்தார்.

கட்டாதீங்க ப்ரோ. ஏன்னு சொல்றேன்.

டிகிரி இல்லாம ஐடிக்கு வந்தவங்க நம்ம ஊர்லயே நிறைய பேர் இருக்காங்க, அது பொய் இல்ல. ஸோஹோ கம்பெனி 2005லயே இதுக்காக ஒரு பள்ளி ஆரம்பிச்சுது. இப்போ அதுக்குப் பேர் ஸோஹோ ஸ்கூல்ஸ் ஆஃப் லேர்னிங். சென்னையிலும் தென்காசியிலும் நடக்குது. ரெண்டு வருஷப் படிப்பு. ஃபீஸ் கிடையாது, மாசாமாசம் அவங்களே உதவித்தொகை தர்றாங்க. ஆனா அது ஸ்கூல் முடிச்ச கையோட வர்ற பசங்களுக்கானது. ஹெச்சிஎல் நடத்துற டெக்பீயும் அப்படித்தான்: பிளஸ் டூ முடிச்சவங்களை எடுத்து ஒரு வருஷம் பயிற்சி கொடுத்து வேலைல சேர்த்துக்கிறாங்க. அதுல ஒரு விஷயம் கவனிங்க. வேலைக்குச் சேர்ந்த பசங்க பகுதி நேரமா ஒரு டிகிரியும் படிக்க அவங்களே ஏற்பாடு பண்றாங்க. டிகிரி இல்லாம எடுக்கிற கம்பெனிக்கே, பின்னாடி ஒரு டிகிரி இருந்தா நல்லதுன்னு தெரியுது.

27 வயசுல வர்றவருக்கு இந்த ரெண்டு கதவும் இல்ல. அவர் பொது வாசல் வழியாத்தான் வரணும். அந்த வாசல்ல என்ன நடக்குதுன்னு எனக்கு நல்லாத் தெரியும், ஏன்னா நானே அங்க நின்னிருக்கேன். முன்னாடி வேலை பார்த்த ஒரு கம்பெனில ஒரு ஜூனியர் வேலைக்கு நூற்றுக்கணக்குல ரெஸ்யூம் வந்துச்சு. எல்லாத்தையும் படிக்க முடியாதுன்னு, முதல் ஃபில்டரா டிகிரியைப் போட்டேன். ஒரே கிளிக். அதுல யாரெல்லாம் போனாங்கன்னு நான் திரும்பிப் பார்க்கல. இத்தனைக்கும் நான் படிச்சது மெக்கானிக்கல். கோடிங் கத்துக்கிட்டது வேலைக்கு வந்த அப்புறம்தான். என் டிகிரி எனக்கு ஜாவா சொல்லித் தரல, அந்த ஃபில்டரைத் தாண்ட வெச்சுது, அவ்வளவுதான். நியாயமான்னு கேட்டா, இல்ல.

பெரிய சர்வீஸ் கம்பெனிகள்ல இன்னும் கறார். "முழுநேரப் படிப்பு மட்டும்"னு போட்டுடுவாங்க, அஞ்சல் வழி டிகிரியும் செல்லாது. வெளிநாட்டு ஆசை இருந்தா, அமெரிக்காவோட ஹெச்1பி விசாவுக்கு டிகிரியோ அதுக்குச் சமமான அனுபவமோ வேணும். ஒரு வருஷக் கல்லூரிப் படிப்புக்கு மூணு வருஷ வேலை அனுபவம்னு கணக்கு; நாலு வருஷ டிகிரிக்கு 12 வருஷம்! ஜெர்மனி பரவால்ல. 2023 நவம்பர்லேர்ந்து, சம்பளம் ஒரு அளவுக்கு மேல இருந்து, கடைசி 7 வருஷத்துல 3 வருஷம் ஐடி அனுபவமும் இருந்தா, டிகிரி இல்லாமலே ப்ளூ கார்டு தர்றாங்க.

கோச்சிங்காரங்க தர்ற சர்ட்டிஃபிகேட் இந்த எந்த ஃபில்டரையும் தாண்டாது. அந்தப் பாடமெல்லாம் யூடியூப்ல தமிழ்லயே இலவசமா இருக்கு.

அப்போ என்னதான் வழி? வேலையை விடாம, சென்னை ஐஐடியோட ஆன்லைன் பிஎஸ் டேட்டா சயின்ஸ் படிப்பைப் பாருங்க. 2020ல ஆரம்பிச்சது. ஜேஇஇ வேணாம், வயசு வரம்பும் இல்ல. பிளஸ் டூ பாஸ் பண்ணியிருந்து, பத்தாவதுல கணக்கும் இங்கிலீஷும் படிச்சிருந்தா போதும். முதல்ல நாலு வாரம் பாடம் நடத்தி, அதுலேர்ந்தே தகுதித் தேர்வு வைக்கிறாங்க. எடுக்கிற பாடத்துக்கு மட்டும் பணம் கட்டலாம். சாதி, குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. முழுசா முடிக்க முடியலன்னா டிப்ளமோவோட வெளிய வரலாம். ஆனா சும்மா கிடைக்காது. பரீட்சையை சென்டருக்கு நேர்ல போய்த்தான் எழுதணும், வேலைக்குப் போய்க்கிட்டே படிச்சா வருஷக்கணக்காகும். இதை வெச்சு எல்லா ஹெச்ஆரும் உள்ள விடுவாங்கன்னும் சொல்ல மாட்டேன்.

இன்னொண்ணு, நீங்க போற போக்குல சொன்னது. விவசாயிகளுக்கு எவ்வளவு பணம் வரும்னு பார்க்க நீங்களே ஒரு எக்செல் ஷீட் போட்டு வெச்சிருக்கீங்க. மழை நாள்ல ஈர இலைக்குக் கழிக்கிற எடை, பாக்கி, அட்வான்ஸ் எல்லாம் அதுல இருக்கு. ஒரு சின்ன கம்பெனில நான் இன்டர்வியூ எடுத்தா அதைத்தான் கேட்பேன். நூறு பேர் ரெஸ்யூம்ல ஒரே டு-டூ ஆப் இருக்கும், இது இருக்காது. அதை ஒரு வெப் ஆப்பா மாத்துங்க, பைத்தானும் ஒரு டேட்டாபேஸும் அதுலயே வந்துடும்.

இதையெல்லாம் அவர்கிட்ட ஃபோன்லயும் சொன்னேன். "பத்தாவதுல கணக்கு ஜஸ்ட் பாஸ் ப்ரோ"ன்னு இழுத்தார். ஷீட்டை அனுப்பச் சொன்னேன். ஈரத்துக்குக் கழிக்கிற ஃபார்முலா ஒரு இடத்துல ரெண்டு தடவை கழிச்சுட்டிருந்துச்சு. ராத்திரி பதினொரு மணிக்குத் திருத்தி அனுப்பிட்டார், கூடவே எந்தெந்த விவசாயிக்கு எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு ஒரு தனி லிஸ்ட்டும்.