உங்களுக்குத் தெரியுமா? – மேடைக்குக் கீழே ஊதியவர்கள்

பிராட்வே இசை நாடகங்களில் ஆடியவர், பாடியவர் பெயரெல்லாம் ஊருக்கே தெரியும். மேடைக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தில் உட்கார்ந்து வாசித்தவர்களை? அந்தப் பள்ளத்துக்கு ‘பிட்’ என்று பெயர். அங்கே டிரம்பெட் பிடித்தவர்களைப் பற்றிச் சில தகவல்கள்.

● ஜாஸ் மேதை லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கும் பிட்டில் வாசித்தவர்தான். 1920-களின் நடுவில் சிகாகோவின் வெண்டோம் தியேட்டரில், ஊமைப் படங்களுக்கு எர்ஸ்கின் டேட் குழுவோடு வாசித்தார். டிரம்பெட்டின் உறவான கார்னெட்டை விட்டு டிரம்பெட்டுக்கு மாறியதும் அந்த நாட்களில்தான். 1929-ல் நியூயார்க் ஹட்சன் தியேட்டரில் ‘ஹாட் சாக்லெட்ஸ்’ என்ற இசை நிகழ்ச்சி. இடைவேளையில் பிட்டில் இருந்தபடியே ஃபேட்ஸ் வாலர் இசையமைத்த ஒரு பாட்டைப் பாடி, ஊதி அசத்தினார். முதல் நாள் காட்சியின் உச்சங்களில் அதுவும் ஒன்று என்று ‘நியூயார்க் டைம்ஸ்’ எழுதியது. ஆனால் பெயர் போடவில்லை. வாத்தியக் குழுவில் யாரோ ஒருவர் என்பதோடு சரி! பிறகுதான் அவரை மேடைக்கே ஏற்றினார்கள். ஆர்ம்ஸ்ட்ராங்குக்கே இந்தக் கதி என்றால், பக்கத்து நாற்காலிக்காரரை யார் விசாரித்திருப்பார்கள்?

● 1930 அக்டோபர் 14. இசையமைப்பாளர் கெர்ஷ்வினின் ‘கேர்ல் கிரேஸி’ இசை நாடகம் ஆல்வின் தியேட்டரில் அரங்கேறியது. முதல் நாள் கெர்ஷ்வினே குழுவை நடத்தினார். பிட் குழுவின் தலைவர் ரெட் நிக்கல்ஸ், கார்னெட் கலைஞர். அவர் திரட்டிய ஆட்களில் பென்னி குட்மன், கிளென் மில்லர், ஜீன் க்ரூப்பா மூவரும் உண்டு. பின்னாளில் புகழ்பெறப் போகும் ‘ஸ்விங்’ ஜாஸின் ஒரு தலைமுறையே அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருந்தது.

● டிரம்பெட்காரர் காலடியில் ஒரு சின்னக் கடையே பரப்பியிருக்கும். டிரம்பெட்டின் வாயை அடைக்கும் ‘மியூட்’களில் நேரானது, கிண்ண வடிவம், ஹார்மன் என்று பல ரகம். கழிவறை அடைப்பை எடுக்கும் ரப்பர் குமிழும் வரிசையில் இருக்கும். கைப்பிடியைக் கழற்றிவிட்டு, அதை இடது கையால் மூடித் திறந்தால் டிரம்பெட் ‘வா வா’ என்று பேசும். சில நொடிகளில் ஒன்றைக் கழற்றி இன்னொன்றைச் செருக வேண்டும். மேலே நடிகை தாழ்ந்த குரலில் பேசும்போது கீழே உலோக மியூட் நழுவி விழுந்தால் என்ன ஆகும்! அதனால் பலர் அடியில் துணி விரித்து வைப்பார்கள். பக்கத்தில் டிரம்பெட்டின் இன்னொரு உறவான ஃபுளூகல்ஹார்னும் காத்திருக்கும். குளிர்ந்து கிடந்தால் சுருதி இறங்கிவிடும். ஆகவே முறை வருவதற்குச் சற்று முன்பே சத்தமில்லாமல் மூச்சை ஊதிச் சூடாக்கிக்கொள்வார்கள்.

● வாரத்துக்கு 8 காட்சிகள். சில நாட்களில் இரண்டு. வயலின்காரருக்கு விரல் வலிக்கும். டிரம்பெட்காரருக்கு உதடுதான் முதலீடு. அதைக் காப்பாற்றிக்கொண்டு பல வருடம் ஒரே நாடகத்தில் உச்சஸ்தாயியைத் தவறாமல் பிடிப்பதை, மேடையில் நடிப்பதற்குச் சற்றும் குறையாத சாதனை என்றே சொல்வேன்.

● ஜெர்மனியின் பைராய்ட் அரங்கில் (1876) ஓபரா இசையமைப்பாளர் வாக்னர் பிட்டையே மூடிவிட்டார். பித்தளை வாத்தியங்கள் மேடைக்கு அடியில், ஆழமான படிகளில்.

● 2003 மார்ச்சில் பிராட்வே வாத்தியக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிட்டில் குறைந்தபட்சம் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பதுதான் சண்டை. நடிகர்களும் மேடைத் தொழிலாளர்களும் துணை நின்றதால் 18 இசை நாடகங்கள் நான்கு நாள் நின்றுபோயின. முடிவில் பெரிய அரங்குகளுக்கான எண்ணிக்கை 24–26-லிருந்து 18–19 ஆகக் குறைந்தது. காலியான ஒவ்வொரு நாற்காலியும் ஒரு கலைஞரின் பிழைப்பு. அந்த இழப்பு வருத்தம் தருகிறது.

● 1959 மே 21-ல் வந்த ‘ஜிப்ஸி’க்கு ஜூல் ஸ்டைன் இசை. திரை விலகுமுன் வரும் முன்னிசையை வாத்தியங்களுக்கு அமைத்தவர்கள் சிட் ராமின், ராபர்ட் கின்ஸ்லர். கதைநாயகியின் மகள் ஆடை களையும் ‘பர்லெஸ்க்’ ஆட்டக்காரியாவதால், முன்னிசையின் பின்பகுதியில் டிரம்ஸ் இடிக்க, ஒற்றை டிரம்பெட் கிறங்கிக் கூவி மேலே மேலே ஏறும். ஊதியவர் டிக் பெர்ரி. பிட் டிரம்பெட்காரர்கள் இன்றும் மரியாதையோடு சொல்லும் பெயர். அக்காலப் பாட்டு ஆல்பங்களில் வாத்தியக்காரர் பெயர் அச்சாவது அபூர்வம். நாயகி எதெல் மெர்மன் பாடிய அந்த 1959 ஆல்பம் இப்போதும் கிடைக்கிறது. மெர்மன் வாய் திறப்பதற்கு முன்பே, முதல் டிராக்கில், பெர்ரியைக் கேட்கலாம்.