தனிமைக்குப் பெயர்போன சாலை

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தைக் குறுக்கே கடக்கும் 50-ஆம் எண் நெடுஞ்சாலைக்கு, 1986-இல் லைஃப் பத்திரிகை ‘அமெரிக்காவிலேயே மிகத் தனிமையான சாலை’ என்று பெயர் வைத்தது. அந்தப் பக்கம் போகாதீர்கள் என்ற தொனியில் வந்த செய்தி அது. நெவாடாக்காரர்கள் அசரவில்லை. அந்தப் பெயரையே விளம்பரமாக்கி, ஊருக்கு ஊர் முத்திரை பதித்துக்கொள்ளும் பயணக் கையேடு ஒன்றை வெளியிட்டார்கள். கூடாரத்தைக் காரில் போட்டுக்கொண்டு தனியே கிளம்புகிறவர்களுக்கு அருமையான வழி இது.

ஈலி, யுரேகா, ஆஸ்டின் என்று வழியில் சின்னஞ்சிறு ஊர்கள். ஆஸ்டினைத் தாண்டி மேற்கே போனால், அடுத்த பெரிய ஊரான ஃபாலன் ஏறத்தாழ 175 கிலோமீட்டர். டேங்க் பாதி இருந்தாலும் நிரப்பிக்கொள்வதே நல்லது.

ஆஸ்டினுக்குக் கிழக்கே ஹிக்கிசன் என்ற இடத்தில், பழங்குடி மக்கள் பாறையில் செதுக்கிய வளைகோடுகளுக்குப் பக்கத்திலேயே கூடாரம் அடிக்கலாம். அங்கே குடிநீர் கிடையாது, கையோடு கொண்டுபோக வேண்டும். உயரமான இடம், கோடையிலும் இரவில் குளிரும். செல்போன் சிக்னல் பல இடங்களில் எட்டாது. எந்த இரவு எங்கே தங்கப்போகிறோம் என்பதை முன்கூட்டியே வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.