மினுக்கும் சக்கரம், மலைக்க வைக்கும் கணக்கு
சித்திரபுரத்தின் மழையிலும் வளைவிலும் அலாய் வீலுக்குக் கொடுத்த பணம் திரும்பி வருமா? விடை பலருக்கு உவப்பாக இராது.

மூணாறிலிருந்து அடிமாலியை நோக்கி இறங்கும் கொச்சி-தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய மலைச்சரிவில் இருக்கிறது சித்திரபுரம். கேரளத்தின் முதல் நீர்மின் திட்டமான பள்ளிவாசல் 1940-ல் மின்சாரம் தரத் தொடங்கியது இந்த வட்டாரத்தில்தான். தேயிலையும் ஏலமும் மட்டுமே சோறு போட்ட ஊர்களில் இன்று சுற்றுலாப் பயணிகளும் சோறு போடுகிறார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு காட்சிமுனைக்கும் தோட்டத்துக்கும் போகும் ஜீப்புகள், வாடகைக் கார்கள், மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் வரும் சொந்தக் கார்கள் என்று சாலையில் எப்போதும் சக்கரங்கள் உருண்டுகொண்டே இருக்கின்றன.

அந்தச் சக்கரங்களில் பல, கம்பெனி கொடுத்தவை அல்ல. கறுப்பு இரும்புச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, வைரம்போல் வெட்டிய முகப்பும் அகன்ற டயருமாக அலாய் வீல் மாட்டுவது பெரும் மோகம். பழைய மெக்கானிக்குகள் இன்னமும் 'மேக் வீல்' என்றே சொல்கிறார்கள். ஒரு காலத்தில் பந்தயக் கார்களுக்கு மக்னீசியத்தில் செய்த சக்கரங்களிலிருந்து வந்த பெயர் அது. இன்று கடையில் கிடைப்பது அலுமினியத்தோடு சிலிக்கனும் சிறிது மக்னீசியமும் கலந்த வார்ப்பு. பெயர் மட்டும் பந்தயக் களத்தை விட்டு நகர மறுக்கிறது.

விற்பவர்கள் சொல்லும் காரணங்கள் மூன்று: எடை குறையும், மைலேஜ் கூடும், பிரேக் சூடாகாது. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கொஞ்சம்தான்.

எடையைப் பார்க்கலாம். அலுமினியத்தின் அடர்த்தி எஃகினுடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆனால் அதன் விறைப்பும் அதே அளவுக்குக் குறைவு. ஆகவே அதே பாரத்தைத் தாங்க அலாய் சக்கரத்தைத் தடிமனாக வார்க்க வேண்டியிருக்கிறது. சிறிய காரின் 14 அங்குல இரும்புச் சக்கரம் தோராயமாக ஏழு கிலோ என்றால், அதே அளவு அலாய் ஒரு கிலோ குறையலாம். மலிவான வார்ப்பில் அதுவும் குறைவதில்லை. சக்கரம் ஓடுவதோடு சுழலவும் செய்வதால், அதில் குறையும் ஒரு கிலோ அதிகபட்சம் இரண்டு கிலோவுக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து எட்டு கிலோ. 900 கிலோ காரில் அது ஒரு சதவீதம்கூட இல்லை. பின் சீட்டில் கிடக்கும் பள்ளிப் பையை வீட்டில் இறக்கி வைத்தால் கிடைக்கும் லாபம்.

மைலேஜ் கணக்கு இன்னும் சோகம். எடை ஒரு சதவீதம் குறைந்தால் எரிபொருள் அரை சதவீதம் மிஞ்சும் என்று தாராளமாகவே கொள்வோம். ஆண்டுக்கு 10,000 கி.மீ. ஓடும், லிட்டருக்கு 20 கி.மீ. தரும் காருக்கு 500 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் ரூ. 105 என்றால் ரூ. 52,500. அதில் அரை சதவீதம் சுமார் ரூ. 260. ஒரு சக்கரம் ரூ. 6,500 என்று நான்கு வாங்கினால் ரூ. 26,000. போட்ட முதல் பெட்ரோல் வழியாகத் திரும்பி வர நூறு ஆண்டுகள் ஆகும்.

இவ்வளவும் அதே அளவுச் சக்கரத்துக்கு. அலாய் வாங்கப் போகிறவர் பெரும்பாலும் அதே அளவில் நிற்பதில்லை. 14-க்குப் பதில் 15, முடிந்தால் 16. இங்கேதான் மலைப்பாதை குறுக்கே வருகிறது.

சக்கரம் பெரிதாகும்போது டயரின் பக்கச்சுவர் அதற்கேற்பக் குறைந்தால் மொத்த விட்டம் மாறாது. மாருதி ஸ்விஃப்ட்டின் 2018-ம் ஆண்டு மாடலில் அடிப்படை ரகத்துக்கு 165/80 ஆர் 14 டயர், உயர் ரகத்துக்கு 185/65 ஆர் 15. கணக்குப் போட்டால் முதலாவதன் விட்டம் 619.6 மி.மீ., இரண்டாவது 621.5 மி.மீ. வித்தியாசம் இரண்டு மி.மீ. கூட இல்லை. கம்பெனியே கொடுத்த அளவு என்பதால் கியருக்கும் பிரேக்குக்கும் மீட்டருக்கும் தொந்தரவு இல்லை.

அதே காரில் பார்வைக்கு மிடுக்காக இருக்கட்டும் என்று 205/65 ஆர் 16 மாட்டினால் விட்டம் 673 மி.மீ. ஆகிவிடும். முதல் அளவைவிட எட்டரை சதவீதம் அதிகம். மீட்டர் 60 காட்டும்போது கார் 65-ல் போகும். அதைக்கூட மன்னித்துவிடலாம். சக்கரம் பெரிதானால் என்ஜினின் இழுவிசை தரையில் அதே விகிதத்தில் குறைகிறது. சமவெளியில் ஓட்டுபவருக்கு இது தெரியாது. போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஐந்து பேரோடு ஏறுகிறவருக்கு இரண்டாவது கியரில் திணறி முதல் கியருக்கு இறங்கும்போது தெரியும். இறக்கத்தில் இதே கணக்கு திரும்பிக் கடிக்கிறது. பிரேக் டிஸ்க் பழையது, அழுத்தும் கால் பழையது, சக்கரத்தின் ஆரம் மட்டும் கூடியிருக்கிறது. ஆகவே அதே அழுத்தத்துக்குத் தரையில் கிடைக்கும் பிடிப்பு குறையும். ஆரங்களுக்கு இடையே காற்று புகுந்து பிரேக்கைக் குளிர்விக்கிறது என்பது மெய்யே. ஆனால் இறக்கத்தில் பிரேக் சூடாகாமல் காப்பது கீழ் கியர். அதற்குக் காசு கிடையாது.

பழைய ஜீப்புகளுக்கு இது இன்னும் பொருந்தும். இந்த மலைகளில் ஆண்டுக்கணக்காக ஆளையும் ஏலமூட்டையையும் ஏற்றிய மஹிந்திரா கமாண்டர், மேஜர் வகைகள் ஒல்லியான 16 அங்குல டயரில் ஓடியவை. அந்த ஒல்லிக்குக் காரணம் உண்டு. சேறும் கல்லும் கலந்த தடத்தில் குறுகலான டயர் மண்ணைக் கிழித்துக்கொண்டு கீழே உள்ள கெட்டியான தரையைத் தொடும். அகன்ற டயர் மிதக்கப் பார்க்கும். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் அகலச் சக்கரம் போட்டால் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் கல்தடத்தில் ஓட்டுநரின் தோள் அந்த அழகுக்கான விலையைத் தினமும் கட்டும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு செலவு 'ஆஃப்செட்'. சக்கரம் வண்டியோடு பொருந்தும் முகம், அதன் அகலத்தின் நடுவிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பதன் அளவு அது. கம்பெனி 45 என்று வைத்த இடத்தில் 25 உள்ள சக்கரத்தை மாட்டினால், ஒவ்வொரு சக்கரமும் 20 மி.மீ. வெளியே துருத்தும். பார்க்க வண்டி பரந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். பாரம் பேரிங்கிலிருந்து விலகி விழுவதால் பேரிங்கும் ஸ்டீயரிங் மூட்டுகளும் சீக்கிரம் தேயும், முழு ஸ்டீயரிங் வெட்டும்போது டயர் மட்கார்டில் உரசும். போல்ட் துளை வட்டத்தின் அளவும் (சிறிய மாருதிகளில் நான்கு போல்ட், 100 மி.மீ.; பழைய ஜீப் வகைகளில் ஐந்து போல்ட், 139.7 மி.மீ.) நடுத்துளையும் இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும். அடாப்டர் போட்டுச் சமாளிக்கலாம் என்று கடைக்காரர் சொன்னால் வேறு கடை பார்ப்பது நல்லது.

சரி, குழியில் விழுந்தால்? ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும் இந்த மலையில் இதைவிட முக்கியமான கேள்வி இல்லை. தண்ணீர் நிறைந்த குழியின் ஆழம் ஓட்டுநருக்குத் தெரியாது. சக்கரத்துக்குத் தெரிந்துவிடும். இரும்புச் சக்கரம் நெளியும். நெளிந்ததை ஊரிலேயே தட்டி நிமிர்த்தி மாலைக்குள் ஓட்டலாம். அலாய் ஓரளவு வரை தாங்கும், பிறகு கீறல் விடும். கீறல் கண்ணுக்குத் தெரியாமல் காற்று மட்டும் தினமும் இறங்கும். வார்ப்பு அலாய் வெப்பப் பதம் கொடுத்து வலுவூட்டப்பட்டது. பற்ற வைத்தால் அந்த இடத்தில் பதம் போய்விடும். வெல்டிங் செய்த அலாயோடு ஆட்களை ஏற்றி மலை இறங்குவது துணிச்சலில் சேராது. மாற்றுச் சக்கரம் எர்ணாகுளத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ வரும் வரை வாடகை வண்டி நிற்கும். நிற்கும் வண்டிக்கும் மாதத் தவணை உண்டு. அகன்ற சக்கரத்துக்குச் சேர்ந்த தட்டையான டயர் இந்தச் சேதத்தை விரைவுபடுத்துகிறது, ஏனென்றால் அடியை வாங்கி விழுங்குவது டயரின் பக்கச்சுவர்தான்.

டியூப்லெஸ் டயருக்கு அலாய் வேண்டும் என்பது பரவலான நம்பிக்கை. தவறு. இன்றைய கார்களின் இரும்புச் சக்கரங்கள் டியூப்லெஸ் டயருக்கென்றே செய்யப்படுகின்றன.

இனி சட்டம். சித்திரபுரத்து வாடகை வண்டிக்காரருக்கு இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. வாகனத்தில் செய்யும் மாற்றங்கள் குறித்து கேரள உயர் நீதிமன்றம் அளித்திருந்த ஒரு தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் ரத்து செய்தது. உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுக்கு அது தந்த விளக்கம். அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ரூ. 5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. வாடகை வண்டிகள் முதல் எட்டு ஆண்டுகள் வரை இரண்டாண்டுக்கு ஒரு முறையும் பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்றுக்குப் போயாக வேண்டும். துருத்தி நிற்கும் சக்கரத்தை அங்கே மறைக்க முடியாது. விபத்துகளை அடுத்து 2025 ஜூலையில் இடுக்கி மாவட்ட நிர்வாகம் ஜீப் சவாரிகளுக்குத் தடை விதித்ததை மூணாறு வட்டாரம் மறந்திருக்காது. சீசன் நேரத்தில் ஒரு வாரம் வண்டி ஓடாவிட்டால் என்ன ஆகும் என்பது இங்கே எல்லா வீட்டுக்கும் தெரிந்த கணக்கு.

காப்பீடு இன்னொரு பொறி. மாட்டிய சக்கரத்தை நிறுவனத்துக்குத் தெரிவித்து, அதன் மதிப்புக்குப் பிரீமியமும் கட்டியிருந்தால் ஒழிய விபத்துக்குப் பின் அதன் விலை கிடைப்பது சந்தேகம். அளவு மாறியிருந்தால் மொத்தக் கோரிக்கையே தகராறாகலாம்.

இத்தனைக்குப் பிறகும் ஒருவர் அலாய் வாங்குவதில் அர்த்தம் உண்டா? சில சமயம் உண்டு. கம்பெனி அதே மாடலின் உயர் ரகத்துக்கு அனுமதித்த அளவில், அதே ஆஃப்செட்டில், நல்ல தயாரிப்பாக, சாலையில் கீறல் விழுந்தாலும் மாற்று உடனே கிடைக்கும் ரகமாக இருந்தால் தயங்க வேண்டியதில்லை. இரும்புச் சக்கரம் துருப்பிடித்து எப்படியும் மாற்றியாக வேண்டிய நிலை என்றால் செலவின் ஒரு பகுதி ஏற்கெனவே நியாயமாகிவிடுகிறது. கண்ணுக்கு அழகு என்பதும் ஒரு காரணம்தான். தன் காரை நேசிக்கிறவர் அதற்குப் பணம் கொடுப்பதில் குற்றமில்லை. மைலேஜுக்காக என்று வீட்டில் சொல்லாமல் இருந்தால் சரி.

சீனா, தென்கொரியா, தாய்லாந்து ஆகிய நாடுகளிலிருந்து மலிவாக வந்து குவிந்த அலாய் சக்கரங்கள் மீது இந்தியா 2015-ல் பொருள்குவிப்புத் தடுப்பு வரி விதித்தது. ரிம்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணையை மத்திய அரசு 2020-ல் வெளியிட்டது. ஆகவே கடையில் முதலில் தேட வேண்டியது டிசைனை அல்ல. சக்கரத்தின் உட்புறம் வார்க்கப்பட்டிருக்கும் முத்திரையையும், அது தாங்கும் பாரத்தின் அளவையும். ஏழு பேர் ஏறும் வண்டிக்கு ஐந்து பேர் வண்டியின் சக்கரம் அளவில் பொருந்திவிடலாம். பாரத்தில் பொருந்தாது.

ரூ. 26,000 கையில் இருந்து, ஓட்டுவதும் இந்த மலையில் என்றால் வேறு வழியும் இருக்கிறது. சட்டம் டயரின் பள்ளத்துக்கு 1.6 மி.மீ. ஆழம் போதும் என்கிறது. மழை பெய்யும் இறக்கத்தில் அந்த ஆழத்தை நம்பி யாரும் நிம்மதியாக வண்டியை விட முடியாது. ஒரிஜினல் அளவில் நான்கு நல்ல டயர், புது பிரேக் பேட், மீதியில் ஷாக் அப்சார்பர், அலைன்மென்ட் ஆகியவற்றை இந்தப் பணத்துக்குள் ஒரு சிறிய காருக்கு முடித்துவிடலாம். எதிரே வரும் பஸ்ஸுக்காக வளைவில் சட்டென்று நிற்க வேண்டிய நொடியில் வேலை செய்வது இவைதான்.

மாட்டியே தீருவது என்று முடிவெடுத்தவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று மிச்சமிருக்கிறது. செட் என்றால் நான்கு. ஸ்டெப்னி பழைய இரும்பாகவே இருக்கும். அலாயோடு வரும் நட்டுகள் பல சமயம் இரும்புச் சக்கரத்தில் சரியாக உட்காராது. பஞ்சரான இரவில்தான் அது தெரியவரும். பழைய நட்டுகளில் ஒரு சக்கரத்துக்குப் போதுமானதை டூல் பையில் போட்டு வைக்க வேண்டும். புதுச் சக்கரம் மாட்டி 50, 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பார்க்க வேண்டும். கழற்றிய நான்கு இரும்புச் சக்கரங்களையும் எடைக்குப் போட்டுவிடாமல் வீட்டில் வைத்திருப்பது உத்தமம். தகுதிச் சான்றுக்குப் போகும்போதோ வண்டியை விற்கும்போதோ அவற்றைத் தேட வேண்டிவரும்.