பின்னிருக்கைக்கும் பாட்டுக் கேட்கட்டும்

நீலசந்திராவிலும் அதனைச் சூழ்ந்த ஆஸ்டின் டவுன், விவேக் நகர், ஈஜிபுரா முதலிய பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்று ஒரு சிறு கார் இருக்கின்றது. பொங்கலுக்கோ, உறவினர் இல்லத் திருமணத்துக்கோ ஓசூர் வழியே ஊருக்குப் புறப்படும்போது முன்னிருக்கையில் பெற்றோர் அமர்வர். பின்னிருக்கை பாட்டிக்கும் குழந்தைகளுக்கும் உரியது. வழிநெடுகப் பாட்டும் உண்டு. ஆயின், அப்பாட்டு யாருடைய செவிக்கு எட்டுகின்றது?

குறைந்த விலைச் சிறு கார்கள் பலவற்றில் ஸ்பீக்கர் இரண்டே. அவையும் முன்கதவுகளில் உள்ளன. பின்னே இருப்போர்க்குக் கேட்கும் பொருட்டு ஒலியைக் கூட்டினால், ஓட்டுபவரின் செவி இரைகின்றது. பின்னால் வரும் லாரியின் ஹாரனும் ஆம்புலன்சின் ஊதலும் அவருக்கு எட்டாமற் போகின்றன. குறைத்தாலோ, பாட்டின் சொற்கள் பாட்டிக்கு விளங்குவதில்லை. இக்குறையை நீக்கும் எளிய வழி பின்புறமும் இரண்டு ஸ்பீக்கர் அமைத்தலாகும். அவற்றின் பயன் ஒலியைப் பெருக்குவதன்று. உள்ள ஒலியைச் சமமாகப் பங்கிடுவதே. இதனை மனத்திற்கொண்டால், கடைக்காரர் சொல்லும் நூறு செய்திகளுள் எது வேண்டுவது, எது வேண்டாதது என்பது தானே தெளிவாகும்.

காரில் வானொலி புகுந்தது நெடுநாளைய செய்தி. அமெரிக்காவில் கால்வின் நிறுவனம் ‘மோட்டரோலா’ என்னும் பெயரில் 1930ஆம் ஆண்டில் கார் வானொலியை விற்கத் தொடங்கியது. நம் நாட்டில் 1983ஆம் ஆண்டின் இறுதியில் மாருதி 800 வெளிவந்தபின், நடுத்தரக் குடும்பத்தார் பலர் கடையில் ஸ்டீரியோ வாங்கிப் பொருத்திக்கொண்டனர். பின்கண்ணாடியின் அடியில் ஒரு பலகை, அதில் 6க்கு 9 அங்குல நீள்வட்ட ஸ்பீக்கர் இரண்டு என்பது பழகிப்போன காட்சியாயிற்று. பெங்களூரில் இத்தகைய வேலைக்கு இன்றும் ஜே.சி. ரோட்டையே பலர் நாடுகின்றனர்.

வாங்குமுன் அறிய வேண்டுவன

முதலில் காரிலுள்ள ஸ்டீரியோவைப் பார்த்தல் வேண்டும். பெரும்பாலானவற்றில் நான்கு ஸ்பீக்கருக்கு நான்கு தனி இணைப்புகள் உண்டு. கடையில் விற்கும் ஸ்டீரியோக்களில் வெள்ளை ஒயர் முன் இடப்புறத்துக்கும், சாம்பல் முன் வலப்புறத்துக்கும், பச்சை பின் இடப்புறத்துக்கும், ஊதா பின் வலப்புறத்துக்கும் உரியவை; கறுப்புக் கோடிட்டது எதிர்முனை. கார் நிறுவனமே பொருத்தியதாயின் நிறங்கள் வேறுபடலாம். சில கார்களில் பின்கதவு வரை ஒயர் முன்னரே இழுக்கப்பட்டிருக்கும். அதனைக் கேட்டறிந்தால் செலவு குறையும்.

கார் ஸ்பீக்கரின் மின்தடை வழக்கமாக 4 ஓம். வேலையை விரைவில் முடிக்க விரும்புவோர் முன் ஸ்பீக்கரின் ஒயரிலேயே பின் ஸ்பீக்கரையும் பக்கத்தில் சேர்த்துவிடுவதுண்டு. அப்போது மின்தடை 2 ஓமாகக் குறைகின்றது; ஸ்டீரியோ அளவுக்கு மீறிய மின்னோட்டத்தைத் தரவேண்டி நேர்ந்து, சூடேறிப் பழுதாகின்றது. ஆதலின், ஒவ்வொரு ஸ்பீக்கரும் தனக்குரிய இணைப்பிலேயே சேர வேண்டும்.

பெட்டியின் மேல் அச்சிட்ட வாட் கணக்கைக் கண்டு மயங்க வேண்டா. ‘50 வாட், நான்கு வழி’ என்று எழுதிய ஸ்டீரியோ இடைவிடாது தரக்கூடியது வழிக்கு ஏறத்தாழ 15 முதல் 20 வாட் வரையே. அதற்கு 300 வாட் என்று எழுதிய ஸ்பீக்கரால் பயனில்லை. குறைந்த மின்திறனிலும் தெளிவாக ஒலிப்பதே நமக்கு ஏற்றது. ‘சென்சிடிவிட்டி’ என்று அட்டையில் குறித்திருக்கும் எண் 90 டெசிபெல் அளவில் இருத்தல் நன்று. அவ்வெண்ணில் 3 டெசிபெல் கூடுவது, மின்திறனை இருமடங்காக்குவதற்குச் சமம்.

பொருத்தும்போது

பின்கதவில் இடமிருந்தால் அங்கே பொருத்துவதே சிறப்பு. கண்ணாடி முழுதும் இறங்கும்போது ஸ்பீக்கரின் காந்தத்தில் இடிக்காத ஆழம் உண்டா என்று முதலில் அளக்க வேண்டும். கதவினுள் மழைநீர் இறங்குவது இயல்பாதலின், உட்புறப் பிளாஸ்டிக் தாளைக் கிழித்தெறியாமல் மீண்டும் ஒட்டச் செய்தல் வேண்டும்.

பின்பலகையில் வைப்பதாயின் எச்சரிக்கை மிக வேண்டும். கனத்த காந்தமுடைய ஸ்பீக்கர் இரண்டும் பலகையும், திருகாணியால் இறுகப் பிணிக்கப்படாவிடில், திடீரென்று பிரேக் அழுத்தும்போது பின்னிருக்கையில் இருப்போரின் தலைக்கே வரும். பாட்டிக்காகச் செய்த ஏற்பாடு பாட்டிக்கே தீங்காகலாகாது.

ஒயர்களைத் திருகி நாடா சுற்றி விடுவதை ஏற்கலாகாது. பற்றவைத்தோ, அழுத்துமுனையிட்டோ இணைத்தல் வேண்டும். காருடன் வந்த ஒயரை வெட்டாமல், அதற்கேற்ற கப்ளரை வாங்கி இணைத்தால் வாரண்டி பற்றிய வழக்கு எழாது. மஞ்சள் உறையிட்ட ஒயர் காற்றுப் பைக்குரியது. அதன் பக்கம் கை செல்லலாகாது. பின்னாளில் ஆம்பிளிஃபயர் சேர்ப்போர், பேட்டரியிலிருந்து வரும் ஒயரில், பேட்டரிக்கு ஒரு முழத்துக்குள்ளேயே பியூஸ் வைக்கக் கடவர். ஒயர் எங்கேனும் உராய்ந்து உடலைத் தொட்டால் தீப்பற்றாமற் காப்பது அதுவே.

வேலை முடிந்ததும், தவில் அல்லது மிருதங்கம் நன்கு ஒலிக்கும் பாட்டொன்றை இயக்கிக் கேட்க. முழக்கம் மெலிந்து வறண்டிருந்தால், ஏதேனும் ஒரு ஸ்பீக்கரில் நேர்முனையும் எதிர்முனையும் மாறியிருக்கலாம். ஒன்று முன்னே தள்ளும்போது மற்றொன்று பின்னே இழுப்பதால் முழக்கம் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றது. கடையை விட்டு நீங்குமுன் இதனைச் சரிசெய்துகொள்க. ரசீதும் பெறுக, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்துக் கூடுதற் பிரீமியம் செலுத்தினாலன்றிப் புதிய மின்பொருளுக்கு இழப்பீடு கிடைப்பது அரிது.

அளவே அழகு

ஒலி எந்தத் திசையிலிருந்து முதலில் வருகின்றதோ, அத்திசையிலேயே பாடகர் இருப்பதாகச் செவி கொள்ளும் என்பதை ஹெல்முட் ஹாஸ் என்னும் ஜெர்மானியர் 1949ஆம் ஆண்டில் ஆராய்ந்து காட்டினார். ஆதலால் முன்னொலி சற்று மிகுந்தும் பின்னொலி சற்றுக் குறைந்தும் இருப்பதே முன்னிருப்போர்க்கு இனிமை. பின்னிருப்போர்க்கோ ஸ்பீக்கர் அருகிலிருப்பதால் குறைந்த ஒலியே போதும். ஸ்டீரியோவிலுள்ள ‘ஃபேடர்’ இதற்கென்றே அமைந்தது.

உலக நல வாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 80 டெசிபெல் ஒலியை வாரத்தில் 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபெலாயின் 4 மணி நேரமே. பிள்ளைகளின் செவி அருகே ஸ்பீக்கர் வைக்கும் நாம் இக்கணக்கை மறக்கலாகாது. நீலசந்திராவின் குறுகிய தெருக்களில் ஒருவர் வீட்டுச் சுவர் மற்றவர்க்கும் சுவர். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெலும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெலும் எல்லையாக வகுத்துள்ளன. சட்டம் ஒருபுறமிருக்க, அயலார் உறக்கத்தைக் கெடுக்காமை நம் பண்பு.

நம் பிள்ளைகள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயில்கின்றனர், அது நன்றே. தமிழோ அவர்களுட் பலர்க்குச் செவிவழியாகவே வருகின்றது. ஊருக்குச் செல்லும் ஐந்தாறு மணி நேரத்தில் ஒரு பாட்டும், ஒரு பட்டிமன்றமும், ஒரு வில்லுப்பாட்டும் பின்னிருக்கைக்குத் தெளிவாகக் கேட்குமாயின், ‘இச்சொல்லுக்கு என்ன பொருள், பாட்டி?’ என்று குழந்தை வினவும். அப்போது ஒலியைச் சற்றுக் குறைத்துவிட்டு, பாட்டியைப் பேச விடுங்கள்.